பள்ளி ஆசிரியர்களுக்கான நடனப் பயிற்சிகள்: எதில் சேரலாம், எதைத் தவிர்க்கலாம்

நடனம் முறையாகப் படிக்காத வகுப்பாசிரியரையோ உடற்கல்வி ஆசிரியரையோ நடன வகுப்பு எடுக்கத் தயார்படுத்தும் பயிற்சிகள் பெரும்பாலும் நான்கு வடிவங்களில் வருகின்றன: ஒரு நாள் பட்டறை, வாரம் ஒரு முறை கூடும் தொடர் பயிற்சி, இணையக் காணொளிப் பயிற்சி, நடனக் கலைஞர் பள்ளிக்கே வந்து ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பெடுக்கும் ஏற்பாடு. இவற்றை மதிப்பிட நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிது. பயிற்சி முடிந்த அடுத்த வாரம் 35 பிள்ளைகள், ஒரு ஸ்பீக்கர், 40 நிமிடம் என்று கொடுத்தால், அந்த ஆசிரியரால் தனியாக ஒரு பாடத்தைத் தொடங்கி முடிக்க முடிகிறதா? அதற்கடுத்த வாரம் வேறொரு பாடத்தைத் தானே எழுத முடிகிறதா? இரண்டாவது கேள்வியில்தான் பல பயிற்சிகள் சறுக்குகின்றன.

ஒரு நாள் பட்டறை

எளிதாகக் கிடைப்பது இதுதான், கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இதுதான். வழக்கமாகக் காலையில் வார்ம்-அப் செய்ய வைப்பார்கள். பிறகு பயிற்சியாளர் ஒரு பாட்டுக்கு ஸ்டெப் சொல்லித் தருவார். மதியத்துக்கு மேல் ஒத்திகை, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆடி முடித்ததும் சான்றிதழ். ஆசிரியர்கள் வியர்த்து விறுவிறுத்து, சிரித்த முகத்தோடுதான் வெளியே வருகிறார்கள். ஆனால் அவர்கள் கையோடு கொண்டுபோவது ஒரே ஒரு நடனம். அது இரண்டு மூன்று வகுப்புகளுக்குத் தாங்கும். நான்காவது வகுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் 2 நிமிட இசையில் 240 தட்டுகள், எட்டெட்டுத் தட்டுகளாகப் பிரித்தால் 30 எட்டுகள். அந்த 30 எட்டுக்கும் ஸ்டெப் கட்டிக் கொடுத்தால் பெரியவர்களுக்கே அடுத்த வாரம் பாதி நினைவில் இருக்காது. பதினோராவது எட்டில் ஆசிரியர் தடுமாறினால் மொத்த வகுப்பும் நின்றுவிடும். சட்டென்று பிடித்துக்கொள்ளும் நாலைந்து பிள்ளைகள் முன்வரிசைக்குப் போவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு தட்டு பின்தங்கியே ஆடுவார்கள்.

அதே 30 எட்டை இப்படியும் நிரப்பலாம். தொடக்கத்தில் எல்லோரும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் உருவில் உறைந்து நிற்க 2 எட்டு, முடிவிலும் அப்படியே 2 எட்டு. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆடும் பொதுப் பகுதி ஒன்று, அதன் நீளம் 2 எட்டு. அது ஐந்து முறை திரும்பத் திரும்ப வரும், ஆக 10 எட்டு. அவற்றுக்கு இடையில் நான்கு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 4 எட்டு, மொத்தம் 16. 35 பேரை நாலைந்து பேராக எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு குழுக்கள் தாங்களே அமைத்ததை ஆடினால் கணக்கு சரியாக 30-இல் முடிகிறது. ஆசிரியர் செய்து காட்ட வேண்டியது 2 எட்டு மட்டும். மீதியைப் பிள்ளைகள் உருவாக்குகிறார்கள். ஆசிரியர் வேலை நேரம் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், செதுக்கச் சொல்வதும்தான். இந்தக் கட்டமைப்பு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாலே பட்டறைக்குச் செலவிட்ட நாள் வீணாகாது.

ஆசிரியர் தானே நன்றாக ஆட வேண்டும் என்ற எண்ணம் பயிற்சியாளர்களிடமே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்வி நடனத்தின் வரலாறு அதற்கு எதிராகத்தான் பேசுகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-இல் நடனத்துக்கான பட்டப் படிப்பைத் தொடங்கிவைத்த மார்கரெட் ஹெச்டப்ளர், கூடைப்பந்து சொல்லிக் கொடுத்துவந்த உடற்கல்வி ஆசிரியர். மேடை நடனக் கலைஞர் அல்லர். தான் ஆடிக் காட்டி மாணவர்களைப் பின்பற்ற வைப்பதை அவர் தவிர்த்தார். தரையில் படுக்கவைத்து, மூட்டுகள் எப்படி அசைகின்றன என்று அவர்களே உணர்ந்து கண்டுபிடிக்கச் செய்தார். வகுப்பில் எலும்புக்கூட்டு மாதிரி ஒன்றை வைத்து விளக்கினார். "எனக்கு ஆடத் தெரியாதே" என்று தயங்கும் ஆசிரியரிடம் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லவேண்டிய செய்தி இது.

ஒரு நாள் பட்டறையிலும் உருப்படியானவை உண்டு. அவற்றில் காலையில் ஆசிரியர்கள் மாணவர்களாக இருந்து 40 நிமிடப் பாடம் ஒன்றை முழுதாகச் செய்வார்கள். உடனே அதே பாடத்தின் பாடக்குறிப்பைக் கையில் வாங்கி, எந்த நிமிடத்தில் எது ஏன் வந்தது என்று பிரித்துப் பார்ப்பார்கள். மதியம் ஆளுக்கு 8 நிமிடத் துண்டு ஒன்றை எழுதி மற்றவர்களுக்கு நடத்துவார்கள். பங்கேற்பவர்கள் 20 பேருக்கு மேல் போனால் இது நடக்காது. 20 பேர் ஆளுக்கு 8 நிமிடம் என்றாலே 160 நிமிடம், கருத்துச் சொல்ல நேரம் தனி. அதனால் சேர்வதற்கு முன் எத்தனை பேர் என்று கேட்பது அவசியம். 60 பேர் என்று பதில் வந்தால், அது ஸ்டெப் சொல்லிக் கொடுக்கும் பட்டறையாகத்தான் இருக்கும்.

பாடம் எழுதக் கற்றுத் தருகிறார்களா?

நல்ல பயிற்சியையும் வெறும் உற்சாகப் பயிற்சியையும் பிரிப்பது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ருடால்ஃப் லாபான் (1879–1958) வகுத்த அசைவுப் பகுப்பு, பள்ளி நடனத்துக்கு இன்றும் உதவும் அடித்தளம். அவர் கல்வி நடனம் பற்றி எழுதிய நூல் 1948-இல் வெளிவந்தது. பயிற்சிகளில் அதைப் பெரும்பாலும் நான்கு கேள்விகளாகச் சுருக்கித் தருகிறார்கள்: உடலின் எந்தப் பகுதி என்ன செய்கிறது? எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த உயரத்தில்? எப்படிப்பட்ட விசையோடும் வேகத்தோடும்? யாரோடு, எதோடு சேர்ந்து? இந்த நான்கையும் சுவரில் ஒட்டிவைத்தால் போதும், ஒரே ஓர் அசைவிலிருந்து பத்துப் பதினைந்து வேறுபாடுகளை ஆசிரியரால் கேட்டு வாங்க முடியும். கையை உயர்த்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையால் உயர்த்து, தரையோடு படுத்து உயர்த்து, கனமான ஒன்றைத் தூக்குவதுபோல் உயர்த்து, எதிரில் இருப்பவர் இறக்கும்போது நீ உயர்த்து. ஸ்டெப் எதுவும் தெரியாமலேயே பாடம் ஓடத் தொடங்கிவிடும்.

8 வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் ஒன்றைப் பார்ப்போம். தூண்டுபொருள் ஒரு தாள். ஆசிரியர் அதைக் கையில் கசக்குகிறார், மெதுவாகக் கையைத் திறக்கிறார், தாள் தானே கொஞ்சம் விரிகிறது. பிறகு உயரத்திலிருந்து போடுகிறார். பிள்ளைகள் பார்த்ததை வினைச்சொற்களாகச் சொல்கிறார்கள்: கசங்கு, விரி, விழு, உருண்டு நில். பலகையில் நான்கு சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது. ஆறு ஏழு என்று போனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடப் பார்ப்பார்கள், ஒன்றும் ஆழமாக வராது.

முதல் 6 நிமிடம் வார்ம்-அப், நிமிடத்துக்கு 110 முதல் 120 தட்டு உள்ள இசையில். வார்ம்-அப்பிலேயே பாடத்தின் விதை இருக்கவேண்டும். சுருங்கி விரியும் அசைவுகளை விரல், தோள், முழு உடல் என்று வளர்த்துப் போவது. அடுத்த 10 நிமிடம் தேடல். முதலில் நின்ற இடத்திலேயே கைகளால் மட்டும் கசங்க வேண்டும். பிறகு முதுகால், பிறகு முழு உடலால், அதன்பிறகுதான் நகர்ந்துகொண்டே. நகர்வைக் கடைசிக்கு வைப்பதில் காரணம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் இடம் விட்டு நகரச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஓட்டம்தான் வரும், அசைவு வராது. அடுத்த 12 நிமிடம் இருவர் இருவராக அமைத்தல்: தொடக்க உருவம், நான்கில் மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எட்டு, முடிவு உருவம். 8 நிமிடம் காட்டுதல். 4 நிமிடம் மூச்சு அடங்க மெதுவான அசைவும் நீட்சியும். இத்தனையும் சேர்ந்து 40. செருப்பு கழற்றவும் மேசை நகர்த்தவும் நேரம் தனியாக வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியின் பாடக்குறிப்பு சொல்கிறதோ, அதை எழுதியவர் உண்மையான வகுப்பறையைப் பார்த்தவர்.

இந்தப் பாடத்தில் எங்கே சிக்கும் என்பதையும் பயிற்சியே சொல்லித் தரவேண்டும். "உங்களுக்குத் தோன்றியபடி ஆடுங்கள்" என்று விட்டால் பாதிப் பேர் கல்லாக நிற்பார்கள், மீதிப் பேர் எங்கேயோ பார்த்த ஸ்டெப்பைப் போடுவார்கள். "கசங்கும்போது உடலின் ஒரு பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்" என்று ஒரு சின்ன நிபந்தனை வைத்தால் அதே பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பாடல் வரிகள் உள்ள இசை போட்டால் வரிகளுக்கு அபிநயம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே வாத்திய இசைதான் நல்லது. அமைக்கும் நேரத்தில் இசையை நிறுத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் இசைக்கு மேல் குரல், குரலுக்கு மேல் இசை என்று சத்தம் ஏறிக்கொண்டே போகும்.

குழு ஆறு பேரைத் தாண்டினால் ஒருவர் கட்டளையிட, இருவர் சண்டை போட, ஒருவர் ஓரமாய் நிற்பார். இருவராகத் தொடங்கி, அடுத்த வகுப்பில் இரண்டு ஜோடிகளைச் சேர்த்து நால்வராக்குவதே பாதுகாப்பான வழி. காட்டும்போது ஒவ்வொரு ஜோடியாக அழைத்தால் 17 ஜோடிக்கு நேரம் போதாது, கூச்சமும் கூடும். வகுப்பில் பாதி ஆட, பாதி பார்க்கட்டும். பார்ப்பவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்ற பதில்தான் வரும். "எந்த ஜோடி ஒரே நேரத்தில் வேறு வேறு உயரத்தில் இருந்தது?" என்று கேட்டால் கண்கள் வேலை செய்யும்.

தொடர் பயிற்சி

எங்கள் பார்வையில் ஆசிரியருக்கு அதிகப் பயன் தருவது இந்த வடிவம். வாரம் 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வாரம், ஒவ்வொரு சந்திப்புக்கும் இடையில் ஆசிரியர் தன் வகுப்பில் ஒரு பாடம் நடத்திவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனை. அந்த நிபந்தனையில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி பற்றி புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-இல் எழுதிய கட்டுரை ஐந்து கூறுகளைப் பிரித்துக் காட்டியது: கோட்பாடு, செய்து காட்டல், பயிற்சி செய்து பார்த்தல், கருத்துப் பெறுதல், வகுப்பறையில் உடனிருந்து வழிகாட்டல். கடைசிக் கூறு இல்லாவிட்டால் கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேருவது அரிது என்பதே அவர்கள் வலியுறுத்தியது. நடனப் பாடத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நிறுத்தச் சைகை வேலை செய்யாத நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் பயிற்சி அறையில் யாராலும் உணரமுடியாது.

நிறுத்தச் சைகை என்றதும் சொல்லிவிடுகிறோம்: முதல் வகுப்பின் முதல் வேலை அதுதான். ஒரு சிறிய பறையோ கஞ்சிராவோ போதும். ஒரு தட்டு என்றால் உறைந்து நில், இரண்டு தட்டு என்றால் உட்கார். நடந்துகொண்டே ஐந்தாறு முறை விளையாட்டாகச் செய்தால் பழகிவிடும். குரலால் நிறுத்த முயலும் ஆசிரியருக்கு மாலைக்குள் தொண்டை போய்விடும். நிறுத்தச் சைகையைக் கற்றுத்தராமல் அசைவுக்குப் போகும் பயிற்சியாளர் நல்ல நடனக் கலைஞராக இருக்கலாம், ஆனால் 35 பிள்ளைகளோடு தனியே நின்றிருக்க மாட்டார்.

தொடர் பயிற்சியில் கவனிக்கவேண்டிய இன்னொன்று எண்ணிக்கை சொல்லும் நுட்பம். அடுத்து வரும் அசைவின் பெயரை, அது தொடங்கும் ஒன்றாம் தட்டில் சொன்னால் வகுப்பு முழுதும் தாமதமாகத்தான் தொடங்கும். நடக்கும் எட்டின் ஏழாம் எட்டாம் தட்டுகளிலேயே சொல்லிவிட வேண்டும்: "ஐந்து, ஆறு, தரைக்கு, இறங்கு." பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்போது "வலது" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் தன் இடது பக்கம் அசையவேண்டும். இரண்டும் கேட்க எளிது. நாலு முறை செய்து பார்த்து, கூட இருப்பவர் திருத்தினால்தான் வரும். பயிற்சி நேரத்தில் இதற்கென்று அரை மணி ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தொடர் பயிற்சிகளின் பொதுவான குறை, கொடுக்கப்படும் கோப்பின் தடிமன். எழுபது எண்பது பக்கக் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். ஒரு பக்கத்தில் அடங்கும் பாடக்குறிப்புப் படிவம் போதும்: நோக்கம் ஒரு வரி, தூண்டுபொருள், வினைச்சொற்கள், நிமிடவாரியாகப் பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஆசிரியர் கேட்கப்போகும் ஒரு கேள்வி, சுலபமாக்க ஒரு வழி, கடினமாக்க ஒரு வழி. நோக்கத்தில் "நடனத்தை ரசிப்பர்" என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. "மூன்று வினைச்சொற்களைத் தொடக்க, முடிவு உருவங்களோடு கோர்த்து இருமுறை ஒரே மாதிரி ஆடுவர்" என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். இருமுறை ஒரே மாதிரி என்பது முக்கியம். நினைவில் நின்று திரும்ப வந்தால்தான் அது அமைத்த நடனம்.

மதிப்பீட்டிலும் இதே எளிமை வேண்டும். ஒரு வகுப்பில் 35 பேரையும் கவனிக்க முடியாது. வகுப்புக்கு 7 பேர் என்று பெயர் குறித்துக்கொண்டால் ஐந்து வகுப்பில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

கலைஞரும் ஆசிரியரும் சேர்ந்து எடுக்கும் வகுப்பு

சரியாக நடந்தால் இதற்கு இணை கிடையாது. பெரும்பாலும் சரியாக நடப்பதில்லை. கலைஞர் வகுப்பை எடுத்துக்கொள்ள, ஆசிரியர் ஓரத்து மேசையில் நோட்டுத் திருத்துவார். ஆறு வாரம் கழித்துக் கலைஞர் போனதும் நடனமும் போய்விடும். பொறுப்பு கைமாறும் அட்டவணை எழுத்தில் இருந்தால் மட்டுமே இதை எடுக்கலாம். முதல் வாரம் ஆசிரியர் வார்ம்-அப் மட்டும். இரண்டாவது வாரம் வார்ம்-அப்பும் முடிவுப் பகுதியும். மூன்றிலிருந்து தேடல், அமைத்தல் என்று ஒவ்வொன்றாக ஆசிரியர் கைக்கு வந்து, ஐந்தாம் ஆறாம் வாரங்களில் கலைஞர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கவேண்டும். வகுப்புக்குப் பின் 15 நிமிடப் பேச்சுக்கு இருவருக்கும் கால அட்டவணையில் இடமில்லை என்றால் பாதிப் பயன் போய்விடும்.

காணொளிப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மற்ற ஆசிரியர் வகுப்பு நடத்துவதைப் பார்க்க உதவும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உங்கள் வகுப்பைப் பார்த்துத் திருத்த ஆள் கிடையாது. வாங்குவதற்கு முன் மாதிரிக் காணொளி ஒன்றைப் பாருங்கள்: உண்மையான வகுப்பறையும் நிஜப் பிள்ளைகளும் தெரிகிறார்களா, கண்ணாடி பதித்த அரங்கில் தேர்ந்த எட்டுப் பேர் ஆடுகிறார்களா? பின்னது ஆசிரியருக்குப் பயன்படாது.

விட்டுவிடக் கூடாதவை

பாதுகாப்பு பற்றிய பகுதி இல்லாத எந்தப் பயிற்சியும் முழுமையற்றது. வழவழப்பான தரையில் காலுறையோடு ஆடக்கூடாது, வழுக்கும். தரையைப் பார்த்துத் துடைத்துவிட்டு வெறுங்காலில் ஆடலாம். சிமெண்ட் தரையில் குதிப்பதைக் குறைத்து, குதித்தால் விரல், முன்பாதம், குதிகால் என்ற வரிசையில், முழங்காலை மடக்கி இறங்கப் பழக்கவேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரல் திசையிலேயே மடங்கவேண்டும். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வைப்பது பல வார்ம்-அப்களில் இன்னும் இருக்கிறது, பின்னால் சாய்க்காமல் பக்கவாட்டில் அரைவட்டம் போதும். நீண்ட நேரம் பிடித்து நிற்கும் நீட்சிகள் உடல் சூடான பிறகு, வகுப்பின் முடிவில். கைகளை விரித்துச் சுழன்றால் யார் மேலும் படாத இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். வகுப்பறை சிறிதென்றால் பாதிப் பேர் ஆட, பாதிப் பேர் பார்வையாளர்களாகக் குறிப்பெடுக்கட்டும்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். "கைகளை மட்டும் ஆட்டச் சொல்லலாம்" என்பது போதாத பதில். பணியைச் சொல்லும் விதத்தை மாற்றுவதுதான் சரியான வழி. "ஓடு" என்பதை "இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வேகமாகப் போ" என்று சொன்னால் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் அதே பணிதான். காது கேளாத பிள்ளைக்கு ஒலிச் சைகையோடு கையைத் தூக்கிக் காட்டும் சைகையும் சேரவேண்டும். தொட்டுச் செய்யும் ஜோடிப் பணிகளுக்குத் தொடாத மாற்று ஒன்று எப்போதும் தயாராக இருக்கவேண்டும்: இருவருக்கும் இடையே ஒரு கை அகலம் விட்டு அதே உருவம்.

ஆடமாட்டேன் என்று உட்காரும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதும் பயிற்சியில் வரவேண்டும். அவரிடம் தாளம் தட்டும் வேலையோ, ஆடும் குழுவின் வடிவத்தைத் தாளில் வரையும் வேலையோ கொடுங்கள். பாடத்துக்குள்ளேயே இருப்பார், பெரும்பாலும் இரண்டு மூன்று வகுப்பில் எழுந்து வருவார். கட்டாயப்படுத்தி நடுவில் நிறுத்தினால் அந்த ஆண்டு முழுக்க வரமாட்டார்.

சேருமுன் பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரே ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: மொத்த நேரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் மற்றவர்களுக்கு முன் நின்று பாடம் நடத்தும் நிமிடங்கள் எத்தனை? ஒரு நாள் பட்டறை என்றால் 8 நிமிடமாவது வேண்டும், தொடர் பயிற்சி என்றால் ஒரு முழுப் பாடத்தையாவது யாரேனும் பார்த்துக் கருத்துச் சொல்லவேண்டும். பள்ளி விழாவுக்கு நடனம் அமைத்துத் தருவதையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒரே தொகுப்பாகக் கொடுக்க முன்வந்தால், இரண்டையும் தனித்தனி ஒப்பந்தமாகக் கேளுங்கள். சேர்த்துக் கொடுத்தால் விழா நெருங்கும் வாரங்களில் பயிற்சி நேரம் முழுவதும் ஒத்திகைக்குப் போய்விடும். பாடக்குறிப்பு எழுதும் பகுதிதான் முதலில் வெட்டப்படும்.